ரே ஹௌடலாவைச் சுமந்தவர்கள்

ரே ஹௌடலா செத்துப்போன செய்தி டுலூத் என்ற ஏரிக்கரை நகரத்துப் பேப்பரில் மூன்றே வரியில் வந்திருந்தது. பெயர், வயது, அடக்கம் எங்கே என்பது. பாடகர் என்று ஒரு வார்த்தை இல்லை. வெர்னா ஸ்காக் அதைத் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். பிறகு மார்வைப் போனில் கூப்பிட்டாள்.

"மார்வ், ரே போயிட்டாரு."

"எந்த ரே?" என்றான் அவன், தெரிந்துகொண்டே. "சரி, பசங்களுக்கு நான் சொல்லிடறேன்."

பசங்கள் என்று அவன் சொன்ன எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ரே எழுபதுகளில் மூன்று ஆல்பம் போட்டார். முதலாவது ஏதோ கொஞ்சம் விற்றது. மற்ற இரண்டையும் கம்பெனிக்காரர்களே மறந்துபோனார்கள். அதன்பின் அவர் கிட்டாரை மூடிவைத்துவிட்டு, துறைமுகத்தில் தானிய லாரி ஓட்டினார். யாராவது அடையாளம் கண்டு பேசப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கடையில் வறுத்த மீன் தின்னக் கூடும் இந்த ரசிகர் கூட்டம் அவரை விடவில்லை. இரண்டாவது ஆல்பம்தான் உசத்தி என்பான் மார்வ். மூன்றாவது என்பாள் வெர்னா. இந்தச் சண்டை அவர்கள் இருவரின் கல்யாணங்களையும்விட நீண்ட நாள் ஓடிவிட்டது.

வெர்னாவுக்கு அது ரசனை பற்றிய சண்டை இல்லை. அவளுடைய முதல் கணவன் லென், பனி இளகும் பருவத்தில் உறைந்த ஏரிமேல் பனிவண்டி ஓட்டி, பனி உடைந்து உள்ளே போனவன். உடல் கிடைக்க வெகுநாளாயிற்று. அந்த நாட்களில் அவள் மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டை ஓயாமல் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பெண்டாட்டி செத்துப்போன ஒருவன், காலையில் பழக்கதோஷத்தில் மேசைமேல் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிற பாட்டு. இதை எழுதியவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குப் பட்டது. அடுப்படியில் மாத்திரைப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம், பாட்டு முடிந்ததும் இசைத்தட்டின் ஊசியை மறுபடி முதலில் வைக்கப் போனாள். புட்டியை அங்கேயே விட்டுவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடக்கத்தன்று குளிர் எலும்பைக் கடித்தது. இறுதிச்சடங்கு நிலையத்தில் சவப்பெட்டி மூடியிருந்தது. முன் வரிசையில் பழுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்ணும், ரே குடியிருந்த வீட்டின் சொந்தக்காரக் கிழவரும் மட்டும்தான். பின்னால் வெர்னாவும் மார்வும், மீன் கூட்டத்து ஆட்கள் நான்கு பேரும்.

சும்மா இருக்க முடியாமல் மார்வ் ஆரம்பித்தான். "மூணாவது ஆல்பம் எனக்கு எங்க கெடச்சுது தெரியுமா? ஆணிக்கடையில. பெயிண்ட் டப்பா நகராம இருக்க அடியில சொருகி வெச்சிருந்தான்."

"அந்த எடம்தான் அதுக்குச் சரின்னு சொன்னவன் நீ," என்றாள் வெர்னா.

"ரெண்டாவத யாராச்சும் டப்பாக்கு அடியில வெச்சிருந்தா, அவன அங்கயே கொன்னுருப்பேன்."

அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். ஒருமுறை கிட்டார் கம்பி அறுந்தும் ரே நிறுத்தாமல் பாடி முடித்ததை ஒருவன் சொன்னான். பழுப்புக் கோட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். மெலிந்த, தூக்கமில்லாத முகம்.

"நீங்கல்லாம் யாரு?"

"அவரோட ரசிகர்கள்மா," என்றான் மார்வ். "நீங்க?"

"மக. கைசா."

அவருக்கு மகள் இருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பெட்டி தூக்க ஆள் இருக்கிறதா என்று நிலையத்து மேலாளர் வந்து கேட்டார். கைசா சுற்றிலும் பார்த்தாள். கிழவர் தன் கைத்தடியைப் பார்த்தார்.

"நாங்க தூக்கறோம்," என்றாள் வெர்னா.

மார்வ் தொண்டையைச் செருமினான். "வண்டியில கிட்டார் இருக்கு. அனுமதி குடுத்தீங்கன்னா ஒரே ஒரு பாட்டு. அந்த ரெண்டு கோப்பை பாட்டு. வெர்னாவுக்கு உசுரு அது."

கைசாவின் முகம் இறுகிற்று.

"வேணாம்."

"இல்லம்மா, மரியாதைக்காக…"

"அந்தப் பாட்டு எங்கம்மாவப் பத்தினது. அவர் அத எழுதினப்ப அம்மா சாகல. ஆஸ்பத்திரியில கெடந்தா. இவர் எங்கள விட்டுட்டுப் போயி ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தாரு." அவள் குரல் உயரவே இல்லை. "ரேடியோவுல அது வந்தப்ப நான் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். அம்மா கடைசிவரைக்கும் கேட்டா. அப்புறம், 'என்னைய அதுக்குள்ள பொதச்சிட்டாரு பாத்தியா'ன்னா. அதுக்கப்புறம் சாப்பிடறதையே விட்டுட்டா. அவ சாவுக்கு இவர் வரவும் இல்ல."

எங்கோ சூடேற்றும் குழாய் கடகடவென்றது. வெர்னா பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அந்தப் பாட்டு மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கி உசுரோட இருந்திருக்க மாட்டேன்," என்றாள்.

கைசா அவளைக் கோபமில்லாமல் பார்த்தாள்.

"நல்லதுங்க. உங்களுக்காவது அவர் இருந்திருக்காரு."

தூக்கினார்கள். மார்வ் முழங்கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். கல்லறைத் தோட்டத்துப் பாதை முழுக்கப் பனி கண்ணாடியாக உறைந்து கிடந்தது. ஓரிடத்தில் வெர்னாவின் கால் வழுக்க, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே ஏதோ நகர்ந்தது. அந்தக் கனத்தை அவள் தோளில் உணர்ந்தாள். மண் இரும்பாக இறுகிக் கிடந்ததால் அன்று புதைக்க முடியாது. வசந்தம் வரும்வரை காத்திருக்கும் மற்றப் பெட்டிகளோடு, குன்றைக் குடைந்து கட்டிய கல் அறையில் அவரையும் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கைசா கையுறையைக்கூடக் கழற்றாமல் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டாள்.

மதியம் வழக்கமான கடையில் உட்கார்ந்தார்கள். மீன் ஆறியது.

"ஆள் எப்படியோ போகட்டும்," என்றான் மார்வ். "பாட்டு பாட்டுதானே?"

"அந்தம்மா படுக்கையில கெடந்து அதக் கேட்டிருக்கா மார்வ்."

"நீயும்தான் கேட்ட. நீ பொழச்சியே."

"அவ பொழைக்கலயே!" வெர்னா கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "நான் தெனம் தெனம் தொட்டுக் கும்பிடாத குறையா வெச்சிருந்தது அவளக் கொன்ன பாட்ட."

"அப்ப ரெண்டாவதுதான் உசத்தின்னு இப்பவாவது ஒத்துக்க," என்றான் மார்வ். அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். வெர்னா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மார்வ் கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை. அந்த இசைத்தட்டை வெளியே எடுக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை.

மே மாதம் ரேயைப் புதைக்கும் நாளைக் கல்லறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். மார்வுக்குச் சொல்லவில்லை. கைசா வந்தால் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். கைசா வரவில்லை. பெட்டியை இறக்கும் இயந்திரத்தோடு குழி வெட்டியவன் ஒருவன்தான் இருந்தான். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிற்று.

"நீங்க சொந்தமாங்க?" என்று கேட்டான் குழி வெட்டியவன்.

"இல்ல. இவரு பாட்டுக்காரரு."

"அப்படியா? நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே. நல்லாப் பாடுவாரா?"

வெர்னா பெட்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இயந்திரம் நின்றது.

"நல்லாப் பாடுவாரு," என்றாள். குனிந்து, ஈர மண்ணை ஒரு கை அள்ளிப் போட்டாள்.