தீர்ப்பு வராத பிற்பகல்

கார்டுக் கடையின் ஜன்னலோர மேசையில் ஒரு தகராறு தீராமல் நின்றதால், அந்தத் தெருவுக்கு வருடக்கணக்கில் சாயங்காலம் வரவில்லை. அதற்கு முன்பும் தெருவில் நேரம் நின்றதுண்டு. அங்கே ஆடப்பட்டது படம் போட்ட கார்டுகளைச் சேகரித்து ஆடும் ஆட்டம். ஒருவர் ஒரு கார்டை இறக்கினால், அது பலிப்பதற்குள் எதிராளி இன்னொன்றை இறக்கித் தடுக்கலாம். பிறகு வந்ததுதான் முதலில் பலிக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பொழுது, யார் எதை எப்போது சொன்னார்கள் என்ற சண்டையிலேயே போகும். இருவரும் கையைத் தூக்கினால் நடுவரம்மா வந்து, "யாரும் எதையும் தொடாதீங்க" என்பாள். அந்தச் சொல்லிலிருந்து அவள் தீர்ப்பு சொல்லும்வரை தெருவில் நகம் வளராது, டீ ஆறாது, வெயில் சுவரில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜனங்கள் நடப்பார்கள், பேசுவார்கள். பால் பொங்காது என்பதால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வம்பு பேச வருவார்கள். "மேசையில ஏதோ தகராறு போல" என்று எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோப்பார். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நடுவரம்மாவின் வீடு தையல் கடைக்கு மேல்மாடியில். அவள் கணவர் கார்களுக்கு வண்ணம் அடித்து அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். அந்த ஞாயிறு காலையில் டாக்டர் அவளை வாசலுக்கு அழைத்து, "இன்னிக்குப் பொழுத தாண்டுறது கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் காதில் அது விழுந்ததோ என்னவோ, மதியம் ஆனதும் அவளைக் கடைக்குப் போகச் சொன்னார். "நீ இங்க உக்காந்து என் மூச்சையே பாத்துட்டிருந்தா, மூச்சு விடவே கூச்சமா இருக்கு. போ. கூப்பிட்டா ஓடி வர்ற தூரம்தானே."

அவள் போனாள். கண்டக்டரும் பல் டாக்டரம்மாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் காட்டுத்தீயை இறக்கினார். பல் டாக்டரம்மா "சரி" என்றாள். என்றவள் கொஞ்சம் பொறுத்து ஆற்றுவெள்ளத்தை இறக்கினாள். "சரின்னீங்கல்ல? ஒத்துக்கிட்டு அப்புறம் வெள்ளத்த எறக்கினா என்ன அர்த்தம்?" என்றார் கண்டக்டர். "கேட்டுச்சுன்னு சொன்னேங்க. அதுக்குப் பேரு ஒத்துக்கிட்டதா?" என்றாள் அவள். இரண்டு கைகளும் உயர்ந்தன. நடுவரம்மா வழக்கமான சொல்லைச் சொன்னாள். தீர்ப்பும் அவளுக்கு உடனே தெரிந்தது. வாயைத் திறந்தவளுக்கு, எதிர்மாடியில் கணவரின் இருமல் பாதியில் நின்றது கேட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "கொஞ்சம் பொறுங்க, யோசிக்கணும்" என்றாள்.

யோசனை நீண்டது. விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். நடந்ததைத் திரும்ப நடித்துக் காட்டச் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்தச் "சரி" ஏறி ஒலித்ததா இறங்கி ஒலித்ததா என்று விசாரித்தாள். தீர்ப்பு வரும்வரை ஆடுபவர்கள் எழக்கூடாது என்பது விதி; நாற்காலிகளும் அவர்களை விடவில்லை. பசி இல்லாததால் அவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கண்டக்டரின் மனைவி வேறு தெருக்காரி. முதலில் கைக்குழந்தையோடு வந்தாள். பிறகு அந்தப் பெண்குழந்தை நடந்து வந்தது. பிறகு பள்ளிச் சீருடையில் வந்து, அப்பாவின் கார்டில் எழுதியிருந்ததைத் தலைகீழாக எழுத்துக்கூட்டியது. கார்டைக் கீழே வைக்க முடியாததால் அவர் குழந்தையை ஒரு கையால்தான் அணைத்துக்கொண்டார்.

நடுவரம்மா அடிக்கடி மாடிக்கு ஓடுவாள். கணவர் தலையணையில் சாய்ந்தபடி, நெஞ்சில் அந்தப் பாதி இருமலோடு இருந்தார். அது வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது புடைத்தபடி நின்றது. முதுகைத் தேய்த்துவிட்டாள், தேய்த்தும் பலனில்லை. தண்ணீர் கொடுத்தாள், அது நாக்கிலேயே தங்கியது. ஆனாலும் அவர் இருந்தார். படியில் ஏறும்போது இருப்பாரா என்று நடுங்காமல் ஏறினாள். அது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது. போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை அடைத்து அழுதாள்.

அவளுடைய தங்கை வெளியூரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். முன்நெற்றி நரைத்து வந்தாள், மூக்குக் கண்ணாடியோடு வந்தாள், ஒரு வருடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படி ஏறினாள். அந்த முறை மாமாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"அந்த இருமலையாவது முடிக்க விடுக்கா" என்றாள்.

"முடிச்சா?"

நடுவரம்மா உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ஏங்க, எனக்குத் தீர்ப்பு தெரியும். அன்னிக்கே தெரியும்."

"உனக்குத்… தெரியாத… விதியா" என்றார் அவர். "யாருக்கு… ஜெயம்?"

அவர் காதில் சொன்னாள். "அடப்பாவமே… கண்டக்டரு" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பும் இருமலோடு போய்ச் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் அவள் எழுந்தாள்.

கடைக்குள் வந்ததும் தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள்: "சரிங்கறத கேட்டுச்சுங்கறதுக்கும் சொல்றோம். தடுக்கலையான்னு கண்டக்டர் கேட்டிருக்கணும், கேக்கல. வெள்ளம்தான் முதல்ல."

கண்டக்டர் கார்டைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்குள் எதிர்மாடியில் இருமலின் மறுபாதி வெடித்தது. ஓடினாள். அவர் நெஞ்சு காலியாகும்வரை இருமினார், தொண்டைக்குள் இறங்கும் தண்ணீரைக் குடித்தார், "அப்பாடா" என்றார். சுவரிலிருந்த வெயில் இறங்கத் தொடங்கியது. கடைகளில் விளக்குப் போடுவதற்கு முன் அவள் மடியிலேயே போய்விட்டார். தெருவில் அவள் அலறல் ஒன்றுதான் கேட்டது. அத்தனை வருடம் கழித்து வந்த சாயங்காலத்தை யாரும் வாசலுக்கு வந்து பார்க்கவில்லை.

தங்கை காரியங்கள் முடியும்வரை இருந்தாள், பிறகும் போகவில்லை. நடுவரம்மா சில மாதம் கழித்துக் கடைக்குத் திரும்பினாள். இப்போது ஆடுபவர்கள் பேசி முடிப்பதற்குள்ளேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறாள், தப்பாகச் சொல்கிறாள் என்றுகூடப் புகார் உண்டு. அந்த வருடங்களில் வயது ஏறாத தெருக்காரர்களுக்கு வெளியூர் சொந்தங்களோடு வயதுக் கணக்கு உதைத்தது. கல்யாணப் பேச்சில் மட்டும் கொஞ்சம் குழப்பம் வந்தது, பிறகு பழகிவிட்டது. ஒருநாள் கொடியிலிருந்து எடுத்த போர்வையைச் சகோதரிகள் இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது நடுவரம்மா, "அக்கா, உன் பக்கம் தாழுது" என்றாள். தங்கை, "தெரியுதுடி" என்று முனையைத் தூக்கிப் பிடித்தாள்.