நாக்கில் ஒரு திராட்சை

நாக்கின் நடுவில் அது இருக்கிறது, சுருங்கிப்போன ஒற்றை உலர்திராட்சை, மெல்லக்கூடாது, விழுங்கக்கூடாது, சும்மா உணருங்கள் என்கிறது ஒலிபெருக்கி, கோகிலவாணி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு உணர்கிறாள், உணர வேறு என்ன இருக்கிறது, கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் கொதிக்கிற சாம்பார் வாசனையும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒட்டிக்கொண்ட புடவையும்தான். ஆசிரியர்களின் மனநலத்துக்கான பயிற்சியாம், வராதவர்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படுமாம், மெமோ கொடுத்தாவது மன அமைதியைப் புகட்டிவிடுகிற இலாகா இது. அப்பாவைத் தனியா உட்டுட்டு வர முடியாதுங்க சார் என்று தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அதுக்குத்தானுங்க டீச்சர் உங்க பேரை முதல்ல எழுதுனேன், உங்களுக்குத்தான் இது ரொம்ப வேணும் என்றார்.

எச்சில் ஊறுகிறது, இப்படி எச்சில் ஊற உட்கார்ந்திருந்த நாளெல்லாம் திரும்பி வருகிறது, அப்பா நாச்சிமுத்து லாரியோடு ஊர் திரும்புகிற நாள்கள் அவை, தெருமுனையில் ஹாரன் கேட்டதும் வீடே வாயை மூடிக்கொள்ளும், தட்டில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்கும், அவர் முதல் கவளத்தை விழுங்கிவிட்டு ம் என்று சொன்னால்தான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம், ஒருநாள் பசி பொறுக்காமல் அவள் ஒரு துண்டு கறியை வாயில் போட்டுவிட்டாள், துப்புடீ என்றார், துப்பினாள், அவர் தின்று முடித்துக் கை கழுவி ஏப்பம் விடும்வரை ம் சொல்லவேயில்லை, அம்மாவும் சொல்லவில்லை, அம்மாவுக்கு ஏது வாய். அந்த அப்பாதான் இப்போது மகளை மறந்துவிட்டு அவளையே டீச்சர் டீச்சர் என்கிறார், நினைப்பில் ஐந்தாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டார், ஒண்ணுக்கு வந்தால் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார், டீச்சர் சொன்னால்தான் எழுவார், வேறு யார் சொன்னாலும் நீ டீச்சர் இல்ல என்பார். கதவைத் திறந்துவைத்தால் லாரியைத் தேடிக்கொண்டு பைபாஸுக்குப் போய்விடுகிறார், அதனால் வெளியே பூட்டு, பக்கத்து வீட்டுப் பாவாயக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, விரல் தூக்கியிருந்தால் கோகிலவாணிக்குப் போன் போட்டுக் கம்பிக்குள் நீட்டுவாள், இவள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு போ என்பாள், போங்க என்றால் நகரமாட்டார், எந்த டீச்சர் பிள்ளையைப் போங்க என்கிறாள், பெற்ற அப்பனைப் போ என்று சொல்ல முதல் நாள் நாக்குக் கூசியது, அப்புறம் பழகிவிட்டது, பழகியது மட்டுமா, பிடித்தும் விட்டது.

இன்றைக்குப் போனெல்லாம் மேடையோரத்துப் பிரம்புக் கூடையில் கிடக்கிறது, பயிற்சி கொடுக்க வந்த நிவேதிதா மேடம் காலையிலேயே வாங்கிவைத்துவிட்டாள், அவசரம் என்றால் கையைத் தூக்குங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன், எழுந்து மற்றவர் அமைதியைக் கலைக்காதீர்கள் என்று அவ்வளவு அன்பாகச் சொன்னாள். கூடைக்குள் ஒன்று அதிர்கிறது, ஓய்கிறது, மறுபடி அதிர்கிறது, விட்டு விட்டு இப்படி விடாமல் அடிக்கப் பாவாயக்காவை விட்டால் யார், கோகிலவாணி கையைத் தூக்கினாள், கேட்காமல் எழுந்திருக்காதே என்று காலமெல்லாம் பிள்ளைகளை அதட்டிய வாய் ஒரு திராட்சையை வைத்துக்கொண்டு மூடிக்கிடக்கிறது, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள், அரைக்கண் திறந்து பார்த்தால் மண்டபமே கண்ணை மூடியிருக்கிறது, மேடையில் நிவேதிதாவும் மூடியிருக்கிறாள், தூக்கிய கையைப் பார்க்க ஒரு கண் இல்லை. நாலு எட்டு வைத்தால் கூடை, எழவில்லை, வாத்தியார் புத்தி எழவிடவில்லை, சத்தம் வந்தால் கவனியுங்கள், அப்படியே போகவிடுங்கள் என்கிறது ஒலிபெருக்கி, அங்கே அவர் விரலைத் தூக்கியிருக்கிறார், இங்கே இவள் கையைத் தூக்கியிருக்கிறாள், தோள் கடுக்கிறது, அவருக்கும் கடுக்கும், அதிர்வு நின்றுபோனது, அதற்குப் பிறகு வரவேயில்லை.

மெல்லலாம் என்று சொல்லிக் கண் திறந்த நிவேதிதா, தூக்கியிருந்த கையைப் பார்த்து முகம் மலர்ந்தாள், பாருங்க, இவங்களுக்குக் கை தானாவே மேல போயிருக்கு, உள்ள இருந்த பாரமெல்லாம் இறங்கிடுச்சு, எல்லாரும் கை தட்டுங்க, தட்டினார்கள், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம் என்று மைக்கை நீட்டினாள், எங்கப்பாவுக்கு ஒண்ணுக்கு வருதுங்க என்றாள் கோகிலவாணி, மண்டபம் சிரித்து உருண்டது, மனம் லேசானால் சிரிப்பு வரும் என்று நிவேதிதாவும் சிரித்தாள். ஒருவழியாகப் போனை வாங்கிக் கூப்பிட்டபோது, இனி எதுக்குங் கண்ணு, எல்லாம் ஆச்சு என்று வைத்துவிட்டாள் பாவாயக்கா, கிளம்பும்போது வீட்டிலும் பழகுங்கள் என்று ஒரு பொட்டலம் திராட்சையைக் கையில் திணித்தார்கள்.

பூட்டைத் திறக்கிறாள், அவர் நாற்காலியில்தான் இருக்கிறார், வேட்டி நனைந்து, தரை நனைந்து, விரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை, அவள் துடைக்கிறாள், கழுவுகிறாள், வேட்டி மாற்றுகிறாள், அழுகை வருகிறது, கூடவே ஆத்திரமும் வருகிறது, எதற்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை. அவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அடிச்சிருங்க டீச்சர், வூட்ல மட்டும் சொல்லிப்போடாதீங்க, எங்கப்பன் கொன்னுபோடுவான் என்கிறார், அவரா பயப்படுகிறார், அவருக்கும் ஓர் அப்பனா, நீட்டிய கையில் பொட்டலத்திலிருந்து ஒரு திராட்சையை எடுத்து வைக்கிறாள். வாயில் போட்டுக்கொண்டார், மெல்லவில்லை, அவள் முகத்தையே பார்க்கிறார், நாக்கின் நடுவில் அது இருக்கிறது, எச்சில் ஊறிக் கடைவாயில் வழிகிறது, ம் என்று சொன்னால் போதும், ஒரே எழுத்து, தெருவில் சத்தமில்லை, கேட்க யாருமில்லை, காலையிலிருந்து தேடிய அமைதி இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறது, கோகிலவாணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள், சொல்லலாம், இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்.