கட்டில், பீரோ விற்பனைக்கு

சோபனாவின் அறைக்குள் நுழைய வேண்டுமென்றால் வாஷிங் மெஷினுக்கும் கதவுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். போனால் எதிரே பீரோ. பீரோவை ஒட்டி ஃபிரிட்ஜ், அதன் காலடியில் கிரைண்டர். கழற்றி வைத்த தேக்குக் கட்டிலின் சட்டங்கள் சுவரோடு சாய்ந்து நிற்கும். மிச்சமிருந்த பாய் அகல இடத்தில் அவள் பதினான்கு மாதமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குப் போட்ட சீர். கல்யாணத்தன்று மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, வந்தவர்களெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுப் போன அதே சாமான்கள். காரிமங்கலத்துக்குப் போய் இரண்டு வருஷம் குடித்தனம் பார்த்துவிட்டு, அவள் பின்னாலேயே லாரி ஏறி மாரண்டஹள்ளிக்குத் திரும்பி வந்திருந்தன.

அவள் ஏன் வந்தாள் என்பதை ஊருக்குப் புரிய வைக்கத்தான் முடியவில்லை. புருஷன் மாதவராஜ் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். உரக்கடைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். காலை ஒன்பதுக்குப் பூட்டினால் திறக்க ராத்திரி எட்டாகும். ஒரு நாள் கேஸ் கசிந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டை கிழியக் கத்தி, தெருவில் போனவர்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். அப்படியே, கட்டின சேலையோடு பஸ் ஏறியவள்தான். பிறகு கூடிப் பேசிய பெரியவர்களில் ஒருவர், பாசத்தில்தானே பூட்டுகிறான் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இந்தப் பாசத்தை அவர்கள் தங்கள் மாட்டுக்குக்கூடக் காட்டியதில்லை, பொழுது விடிந்தால் அதை அவிழ்த்து மேய விடுகிறவர்கள்தான்.

அன்றைய கோபத்தில் அப்பா பெரியண்ணன் லாரி பிடித்துப் போய்ச் சீரை அள்ளிக்கொண்டு வந்தார். அந்தக் கோபம் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த ஒரு சீசன் வரைக்கும் தாங்கியது. அப்புறம் தம்பிக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். போன இடத்திலெல்லாம் காப்பி கொடுத்துவிட்டு, அக்கா இங்கேயேதான் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். மூன்றாவது இடமும் தட்டிப் போனதிலிருந்து அம்மா சின்னம்மாள் அவளுக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான் கூடப் படித்த கனிமொழி ஓசூரிலிருந்து போன் செய்தாள். அவள் வேலை செய்கிற கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். டிப்ளமோ போதும், ஹாஸ்டல் உண்டு, வருகிற திங்கட்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும். சோபனா அப்பாவிடம் கேட்டாள். அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தச் சாமானத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு எங்க வேணாலும் போ."

போகாதே என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். போ என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே ஒவ்வொன்றையும் துடைத்துப் படம் பிடித்து, பழைய பொருள் விற்கிற ஆப்பில் போட்டுவிட்டாள். நன்றாக இருக்கிறது, கீறல் இல்லை, ஒரே கை பயன்படுத்தியது.

போன் ஓயவில்லை. லாஸ்ட் பிரைஸ் என்ன என்று காலை ஆறு மணிக்கு ஒருவன் எழுப்பினான். ஃபிரிட்ஜுக்குப் பதில் ஓடாத பைக் தருவதாக ஒருவன். படத்தில் தெரிந்த வளையல் போட்ட கை யாருடையது என்று ஒரு தறுதலை கேட்டான், அவனை பிளாக் செய்தாள். உருப்படியாகப் பேசியவர்களெல்லாம் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நின்றார்கள்: ஏன் விற்கிறீர்கள்? ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் யாரும் ராசி பார்ப்பதில்லை. கட்டிலும் பீரோவும் அப்படியில்லை. பாலக்கோட்டிலிருந்து பேசிய ஒரு அம்மாள், குரலே வாஞ்சையாக இருந்தது, மகளுக்குக் கட்டில் வேண்டும் என்றாள். அவளிடம் பொய் சொல்ல சோபனாவுக்கு மனசு வரவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

"வாழாம வந்த வூட்டுக் கட்டிலுங்களா? வேண்டாங் கண்ணு, தப்பா நெனச்சுக்காத."

தப்பாக நினைக்கத்தான் செய்தாள். ஒரு மணி நேரம் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை கிருஷ்ணப்பன் என்று ஒருவர் பேசினார். கன்னடம் கலந்த தமிழ். வீடு கிருஷ்ணகிரிப் பக்கம், பையனைத் தனிக்குடித்தனம் வைக்கிறார்களாம். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஏன் விற்கிறாய் என்று கேட்கவில்லை. போட்ட விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால், பத்தரைக்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை. காரிமங்கலம் சந்தையில் வெங்காயம் வாங்கினாலே கால் மணி நேரம் பேரம் பேசுகிற ஜில்லாவில் இப்படி ஒரு மனிதர் போன் செய்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சோபனாவுக்கு வரவில்லை. கிணற்றில் கிடக்கிறவள் மேலே இருந்து விழுகிற கயிற்றைப் பிடிப்பாளே தவிர, விட்டது யார் கை என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே பிக்கப் வண்டி வந்து நின்றது. கிருஷ்ணப்பன் ஐந்நூறு ரூபாய்க் கட்டை அவள் கையில் கொடுத்தார். அப்பா தானே வந்து கயிறு கட்டினார். அம்மா வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டினாள். பீடை தொலைகிறது என்று காட்டுகிறாள் போலிருக்கிறது என நினைத்து சோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் ஒரு கை கொடுத்தாள். கட்டில் சட்டத்தை ஒரு முனையில் பிடித்துத் தூக்கி ஏற்றினாள், கிரைண்டர் கல்லுக்குச் சாக்கு சுற்றினாள். தெருவில் நின்று பார்த்தவர்களிடம் பல் தெரியச் சிரித்தாள். கடைசியாகக் குளிக்கப் போனபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. பத்தேகாலுக்கு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணி ஓசூர் பஸ்ஸுக்கு நேரம் தாராளமாக இருந்தது.

தலைக்குக் குளித்து, கட்டியிருந்த துணிகளையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு மேல் உள்ளே வந்து பார்த்தால், ஓசூருக்கு எடுத்துப் போகக் கட்டிக் கதவோரம் வைத்திருந்த பெட்டியைக் காணோம். துணி, சர்டிபிகேட் ஃபைல், ஆதார் கார்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

அம்மாவைக் கேட்டாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அதையும் அப்பா வண்டியில் ஏற்றிவிட்டார் என்றாள். எந்த வண்டியில் என்று இவள் கேட்கிறபோதே கையிலிருந்த போன் அதிர்ந்தது. வாட்ஸப்பில் மாமியார் மணிமேகலை ஒரு படம் அனுப்பியிருந்தாள். காரிமங்கலத்து வீட்டு வாசல், அந்தப் பிக்கப், அதிலிருந்து இறங்குகிற தேக்குச் சட்டம். பக்கத்தில் மாதவராஜ் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தான்.

சோபனா வெளியே போய் அப்பாவைப் பிடித்தாள். அவர் மறைக்கவில்லை. ஆப்பில் விளம்பரத்தைப் பார்த்தது தம்பிதானாம். பெரிய வீட்டுச் சீர் ஓட்டை ஒடசல் மாதிரி போனில் கிடக்கிறதே என்று மாதவராஜ் வீட்டுக்குப் பேசியது அப்பாவேதானாம். கிருஷ்ணப்பன் அவர்களுக்குத் தூரத்து உறவாம். சீர் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டால் பெண்ணும் வாழப் போகிறாள் என்றுதான் அர்த்தம், தம்பிக்குப் பார்த்திருக்கிற வீட்டிலும் நேற்றே சொல்லியாகிவிட்டதாம்.

"நான் வித்தேன்ப்பா. வெலை போட்டு வித்தேன்."

"அதை யாரு நம்புவா? நல்ல நேரம் பாத்து, கற்பூரம் காட்டி, நீயே சிரிச்சுக்கிட்டு ஏத்தி வுட்ட. தெருவே பாத்துச்சு."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நாலு மணிக்குக் கார் வரும், தலைக்குப் பூ வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தக்காளிக் காட்டுக்குக் கிளம்பினார்.

கனிமொழிக்குப் போன் போட்டாள். ஒரிஜினல் இல்லாமல் கேட்டைத் தாண்டவே விட மாட்டார்கள் என்றாள் கனிமொழி. திங்கட்கிழமை தவறினால் அடுத்து நிற்கிறவளுக்குப் போய்விடும், எப்படியாவது பெட்டியை வாங்கி வந்துவிடு என்றாள். வேறு வழி இல்லாமல் சோபனா மாமியாரைக் கூப்பிட்டாள். மணிமேகலை முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் கட்டிலுக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"அத்தை, நான் சாமானத்தைத்தான் வித்தேன். என் பொட்டிய விக்கலீங்க. யாருகிட்டயாவது குடுத்து வுட்ருங்க."

"பொட்டி எங்கியும் போவாது கண்ணு, வந்து நீயே எடுத்துக்க."

"நான் வரமாட்டனுங்க அத்தை. பணத்தைத் திருப்பிக் குடுத்தர்றேன்."

மணிமேகலை சிரித்தாள். கேலி இல்லாத, குழந்தைக்கு எடுத்துச் சொல்கிற சிரிப்பு அது.

"பழைய கட்டிலு, பழைய பீரோ. நீ கேட்ட வெலைய ஒத்த ரூவா கொறைக்காம குடுத்தம். வெறுஞ் சாமானத்துக்கா யாராச்சும் அவ்வளவு குடுப்பாங்க?"

சோபனா போனை வைத்தாள். பணக்கட்டு மடியில் இருந்தது. பன்னிரண்டு மணி ஓசூர் பஸ் தெருமுக்கில் நின்று, கண்டக்டர் குரல் கொடுத்து, கிளம்பிப் போவது வரைக்கும் அந்தக் காலி அறையில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள்.