மேடேறினால் மட்டும் வரும் சத்தம்

கோபியின் ஏ.டி.வி. சமதரையில் பரம சாது. மேட்டில் ஏற்றினால்தான் அதன் அடிவயிற்றிலிருந்து "டொக் டொக் டொக்" என்று ஒரு சத்தம் கிளம்பும். உச்சிக்குப் போய்ச் சமமாக நின்றதும் சத்தம் அடங்கிவிடும். கேட்டவர்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு அப்பால், பாகப்பிரிவினையில் வந்த கரம்பு நிலத்தில் லாரி லாரியாக மண் கொட்டி, மேடும் பள்ளமும் போட்டு, சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்கள் வந்து சேற்றில் புரள்வதற்கென்று ஒரு மைதானம் வைத்திருந்தான் கோபி. சேறு, மணல், மேடு எதுவானாலும் ஏறுகிற, ஏ.டி.வி. என்கிற இந்த நாலு சக்கர பைக்கில் சுற்றிவிட்டுப் போவார்கள். அதற்காக அம்பத்தூர் எஸ்டேட் வேலையைக் கும்பிடு போட்டு விட்டுவிட்டு வந்தவன். வாசலில் பெயர்ப் பலகை ஊருக்கே தெரிகிற அளவு பெரியது. வண்டி மட்டும் ஒன்றே ஒன்று. அதுவும் படுத்துவிட்டால் பலகையின் நிழலில் ஆடுதான் கட்டலாம்.

ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டார்கள். இரண்டு பேருமே மேட்டில் ஏறினார்கள், சத்தத்தைக் கேட்டார்கள், இறங்கி வந்து உதட்டைப் பிதுக்கினார்கள். பிஸ்டனைத் தள்ளுகிற தண்டின் அடி பேரிங் போய்விட்டதாம். இழுக்கும்போது மட்டும் தட்டினால் அதுதானாம், வேறு பேச்சே இல்லையாம். எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கோபிக்கு மனசு விட்டுப்போனது. பழைய சூப்பர்வைசருக்கு போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டான். பழைய வண்டி எடுக்கிற காட்டுப்பாக்கம் ஜெகதீஷிடம் வந்து ஏற்றிக்கொண்டு போகவும் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெகதீஷ் தன் குட்டியானை லாரியோடு வந்தான். முந்தின ராத்திரி பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. வாசல் சரிவில் லாரி வழுக்கிக்கொண்டே இறங்கி ஷெட் பக்கத்தில் நின்றது. அதன் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டரும் வந்தது.

வந்தது ரெனிதா. வானகரத்தில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. போன வாரமே வரச் சொல்லி கோபி கெஞ்சியிருந்தான். ஒர்க்‌ஷாப்பில் வேலை கழுத்துவரை இருந்ததால் இன்றைக்குத்தான் அவளுக்கு ஒழிந்தது.

"லேட்டாய்டுச்சுக்கா. வண்டிய இவருக்குக் குடுக்கறேன்னு சொல்ட்டேன்" என்றான் கோபி, கண்ணைப் பார்க்காமல்.

"குடுத்துட்டியா, குடுக்கப்போறியா?"

"குடுக்கப்போறேன்."

"அப்ப இன்னும் உன் வண்டிதான? சாவி எட்த்தா. நான் காது வெச்சுப் பாக்காம ஒரு எஞ்சினும் சாகாது."

ஜெகதீஷ் சிரித்தான். "பாருக்கா, நல்லா பாரு. நான் டீ சாப்ட்டுகினு நிக்கறேன்."

ஷெட் வாசலில் கோபியின் அம்மா எல்லம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ரெனிதா டீயைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டாள். டாக்டர் குழாய் வைக்கிற மாதிரிதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேல ஏத்து" என்றாள்.

கோபி ஏற்றினான். டொக் டொக் டொக். பத்து நாளாக அவன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் தின்ற அதே சத்தம். ஜெகதீஷ் பெரிய மனிதன்போல் தலையாட்டினான்.

"அங்கியே நில்லு! பிரேக்கப் புடிச்சிகினு நியூட்ரல் போடு."

பாதி மேட்டில், மூக்கு வானத்தைப் பார்க்க வண்டி நின்றது. எஞ்சின் ஒன்றையும் இழுக்கவில்லை, சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அப்போதும் உள்ளே மெல்ல டொக்... டொக்... என்றது. ரெனிதாவின் புருவம் ஏறியது.

"இழுக்காதப்பவும் கத்துதே! சரி, கீழ எறக்கு. இப்ப ரிவர்ஸ்ல ஏத்து."

"இன்னாக்கா?"

"பின்னாடியே மேல போடான்றேன்."

இத்தனை நாளில் யாருக்கும் தோன்றாத காரியம் அது. மேடு என்றால் முன்பக்கமாகத்தான் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் அப்படியேதான் ஏறினார்கள். கோபி வண்டியைத் திருப்பி, கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டு ஏற்றினான். எஞ்சின் முக்கியது, முனகியது, சேற்றை வாரியடித்தது. ஆனால் டொக்கு வரவேயில்லை. உச்சிவரை போயும் வரவில்லை. ஜெகதீஷின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அதே மேடு, அதே வெயிட்டு" என்றாள் ரெனிதா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "பேரிங் போயிருந்தா இந்தப் பக்கம் ஏறுனாலும் தட்டணும், அந்தப் பக்கம் ஏறுனாலும் தட்டணும். மூக்கு மேல போனாதான் தட்டுதுன்னா எஞ்சினுக்கு நோவு இல்ல நைனா. வெளிய இன்னாவோ ஒன்னு உருண்டுகினு கீது."

கோபி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இவ்வளவு எளிதான கேள்வியை இவ்வளவு அழகாக ஒருத்தி கேட்க முடியுமா என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. வண்டியிடம் அதற்குப் புரிகிற பாஷையிலேயே கேட்டிருக்கிறாள், அதுவும் பதில் சொல்லிவிட்டது!

எஞ்சினுக்கு அடியில், கல் அடிக்காமல் இருக்க ஒரு இரும்புத் தகடு மாட்டியிருக்கும். ரெனிதா கோணிப்பை விரித்துப் படுத்து, சேறு இறுகிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தகடு இறங்கியது. அதன் மேல் படிந்திருந்த மண் பொலபொலவென்று விழுந்தது. மண்ணோடு என்னவோ ஒன்று தகட்டில் 'ணங்' என்று மோதி உருண்டது. அதை எடுத்து பேன்ட்டில் துடைத்துத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு ரூபாய்க் காசு. அதன் எழுத்துகளின் பள்ளத்தில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது.

கோபிக்குப் பொறி தட்டியது. ஆயுத பூஜை! எல்லம்மா பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமமும் காசும் ரொப்பி, கற்பூரம் வைத்துச் சுற்றி, வண்டிக்கு முன்னால் போட்டு உடைத்தாள். ஊரில் எல்லோரும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு அடக்கமாக நகர்வார்கள். இவன்தான் போனில் வீடியோ எடுக்க வேண்டுமென்று, உடைந்த பூசணி மேலேயே வண்டியை ஏற்றி, சக்கரத்தை அங்கேயே சுழலவிட்டுக் கூத்தடித்தான். பூசணிச் சதை ஷெட் கூரைவரை தெறித்தது. பிறகு வண்டியைச் சுத்தமாகத்தான் கழுவினான். தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காசு போய் உட்கார்ந்திருக்கும் என்று எவன் கண்டான்? மூக்கு தூக்கினால் அது பின்னால் சறுக்கி, தகடும் எஞ்சினும் நெருங்குகிற இடத்தில் சிக்கித் தட்டியிருக்கிறது. பின்பக்கமாக ஏற்றியபோது முன்னால் ஓடிவந்து மண்ணில் புதைந்து கிடந்திருக்கிறது.

"திஷ்டி சுத்துன காச யாரும் எடுக்கக்கூடாதுன்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றாள் எல்லம்மா. "மன்சன் எடுக்கல. வண்டியே எட்த்துகிச்சு."

ஜெகதீஷ் மட்டும் சிரிக்கவில்லை. "காசு கெடச்சது சரி மாமே. பேரிங்கும் போயிருந்தா? ரெண்டு பேர் சொன்னாங்கல்ல? நல்லா வெயிட்டு இழுத்தாதான தெரியும்." அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஜெகதீஷ் டம்ளரை வைத்துவிட்டுப் போய், ஏ.டி.வி.யை ஏற்ற வாகாக இருக்கட்டும் என்று லாரியைக் கிளப்பி வாசல் பக்கம் திருப்பினான். பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. இன்னும் முறுக்கினான். லாரி அச்சுவரை சேற்றில் இறங்கியது.

ரெனிதா சிரித்த சிரிப்பு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "வெயிட்டு வேணும்ன இல்ல? தோ கீது வெயிட்டு!"

தகட்டை மாட்டினார்கள். லாரியின் முன்னால் கயிறு கட்டி ஏ.டி.வி.யோடு பிணைத்தார்கள். "உன் எஞ்சின ஆஃப் பண்ணு. இது கொரல் மட்டும்தான் கேக்கணும்" என்று ஜெகதீஷை அதட்டினாள் ரெனிதா. கோபி லோ கியர் போட்டான். கயிறு விறைத்தது. லாரி ஒரு குலுக்குக் குலுக்கிச் சேற்றைவிட்டுக் கிளம்பியது. சரிவு ஆரம்பித்தது, மூக்கு தூக்கியது. இப்போது வரும், இப்போது வரும் என்று கோபி பல்லைக் கடித்துக்கொண்டான். ரெனிதா தலையைச் சாய்த்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய, வண்டி கூடவே நடந்து வந்தாள். எஞ்சின் தன் முழு பலத்தையும் கொடுத்து உறுமியது. அந்த உறுமல் கீழிருந்து மேல்வரை ஒரே சீராக இருந்தது. தட்டல் இல்லை. தட்டலின் சாயல்கூட இல்லை.

மேலே வந்ததும் கோபிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மறைக்கவும் இல்லை. "அக்கா, உன் காதுக்குக் கோயில் கட்டணும்!"

"நான் சர்ச்சுக்குப் போறவ நைனா. பலகைல என் ஒர்க்‌ஷாப் பேர எழுது, போதும்."

ஜெகதீஷ் கயிற்றை அவிழ்த்தபடி தலையில் தட்டிக்கொண்டான். "செத்த வண்டிய ஏத்திகினு போக வந்தேன். அது என்னிய இழுத்தாந்து ரோட்ல உட்டுச்சு." வாயெல்லாம் பல்லாகத்தான் சொன்னான். லாரியைக் கிளப்பிக்கொண்டு காலியாகவே காட்டுப்பாக்கம் போனான்.

கோபி போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். "சார், திங்கக்கெழம வர முடியாது சார். இல்ல சார், ஒடம்பு நல்லாத்தான் கீது. வண்டியும் நல்லாத்தான் கீது."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினான். அப்புறம் எந்தக் காரியமும் இல்லாமல், அந்தச் சத்தம் வராததைக் காதாரக் கேட்பதற்காகவே மறுபடியும் மேட்டில் ஏற்றினான்.