சவரிநாதன் தாண்டிய பக்கங்கள்

அந்த நாவலை எழுதியவனுக்கு எழுதவே தெரியவில்லை என்று நான் திட்டாத நாளில்லை. நேற்றுவரை நன்றாக இருந்த சமையல்காரி இன்று கையில் கட்டோடு வந்து நிற்பாள். எப்படி அடிபட்டது என்று ஒரு வரி இருக்காது. பூட்டிய அறைக்குள் இருந்த டிரைவர் அடுத்த நிமிடமே தோட்டத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பான். மலைமேல் ஒரு பங்களா, அதில் செத்துக் கிடக்கும் ஒரு பெரிய மனிதர், சந்தேகப்பட நாலைந்து பேர் என்று கதையை நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தான். போகப் போகக் கோட்டை விட்டுவிட்டான். அட்டையும் முதல் தாளும் கிழிந்துபோன புத்தகம் என்பதால் பேர் தெரியாமல் தப்பித்தான்.

என் பேர் சகாயசெல்வி. திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் ஸ்டேண்டு. சவாரி வராத நேரத்தில் நூலகத்துப் புத்தகம் மடியில் இருக்கும். தலைவலி வந்தாலும், வீட்டில் மனத்தாங்கல் வந்தாலும் நான் முதலில் தேடுவது புத்தகத்தைத்தான். மாத்திரை அதற்கப்புறம்.

பொங்கல் கழிந்து ஒரு பனிக்காலையில் வாசல்படியில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டிச் சில்லு உடைந்தது. ஆட்டோ கவிழ்ந்து உடைந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது. கால்தான் மடங்க மறுத்தது.

ஆட்டோவில் பிரேக் வலது காலுக்குக் கீழே இருக்கிறது. முட்டி தொண்ணூறு டிகிரி மடங்காமல் அந்த சீட்டில் உட்கார முடியாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் வாசலில் வந்து ஹாரன் அடிக்காவிட்டால் பிள்ளைகளை வேனில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தது சேர்த்ததுதான், திரும்பி வரமாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஆட்டோ எனக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. அதில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன்.

பிசியோதெரபி செய்யும் பிரவீன்குமார் எனக்கொரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். மல்லாந்து படுத்து, கணுக்காலில் ஒரு துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் இழுத்துக் குதிகாலைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும். முடிந்த மட்டும் வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு மடங்கும். நல்ல காலைத் தினக்காலண்டர் அட்டையின் மூலைக்குச் சரியாகத் தொண்ணூறு டிகிரி மடக்கி வைத்து, குதிகால் பட்ட இடத்தில் கட்டிலின் பலகைமேல் சாக்பீசால் ஒரு கோடு போட்டேன். உடைந்த கால் அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் ஆட்டோ என்னுடையது.

முதலில் செல்லில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஓடுகிற எண்ணைப் பார்க்கப் பார்க்க வலி இரண்டு பங்கானது. செல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"இன்னாங்க, ஆட்டோ சீட்டுக்கு அடியில ஒரு புக்கு கீது, எடுத்தாங்க. என் ரெண்டு கையும் துண்ட புடிச்சிக்கினு இருக்குது. நீங்க படிங்க. ரெண்டு பக்கம் முடியறவரைக்கும் நான் காலை வுடமாட்டேன். ஒரு மூச்சு வுட்டுட்டு அடுத்த ரெண்டு பக்கம்."

என் வீட்டுக்காரர் சவரிநாதன் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, எடைபோடுகிறவர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவரும் அவர்தான். அவருக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான். "பெரியவருடைய கழுத்தில் கயிற்றின் தடம் இருந்தது" என்பதை அப்போஸ்தலர் எழுதிய திருமுகம்போல நிறுத்தி, இழுத்து, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்து வாசித்தார். முதல் நாள் முடித்ததும் பழக்கதோஷத்தில், பூசையில் வாசகத்தை முடிக்கிற மாதிரியே, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றுவிட்டார். வலியோடு வலியாகச் சிரித்தேன்.

ஆனால் அது வேலை செய்தது. வலி போய்விடவில்லை. கொலைகாரன் யாரென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கடைசிக் கொஞ்ச நேரம் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அப்போது என்னை அறியாமல் கத்துவேன். கத்தினாலும் துண்டை விடமாட்டேன். சீக்கிரத்தில் பக்கமும் முடிந்துவிடும்.

மே மாதம் பாதி ஓடிவிட்டது. விழுப்புரத்தில் பிரவீன்குமார் முட்டியில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, போன வாரமும் எழுபது, இப்பவும் எழுபது. வீட்டுல செய்றீங்களா, இல்லையா?"

"காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி, தவறாம செய்றேன் சார். ரெண்டு ரெண்டு பக்கமா புடிக்கிறேன்." எங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது. "சத்தமா படிச்சா ரெண்டு பக்கம் நல்ல நேரம்தான்கா. அப்படி புடிச்சிருந்தா இந்நேரம் மடங்கியிருக்கணுமே." அளவுகோலை மடித்து வைத்தார். "பள்ளி திறக்கறதுக்குள்ள வரலன்னா, மயக்க மருந்து குடுத்து டாக்டர் மடக்கி வுடுவாரு. அப்பறம் எல்லாம் முதல்லேர்ந்து. ஆட்டோவெல்லாம் இப்போதிக்கு மறந்துடணும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி முட்டியை இடித்தது. மனசும் சரியில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்ததால் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பாதிக்குமேல் கேட்டாகிவிட்டது, மீதியை அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. கேட்டதையே திரும்பப் படிக்கலாம் என்று ஆரம்பத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வருவதற்குள் சமையல்காரியைப் பிடித்துவிட்டேன். அடுப்படியில் சண்டை, கொதிக்கும் எண்ணெய், கையில் கொட்டுகிறது, டிரைவர் ஓடிவந்து கட்டுப்போடுகிறான். அரைப் பக்கத்துக்கு இருந்தது. நான் இதில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னும் தள்ளிப் பார்த்தேன். டிரைவர் ஜன்னல் வழியாக வெளியே குதிப்பதும் இருந்தது. எழுதியவன் எதையும் விடவில்லை. ஒவ்வொரு இரண்டாம் பக்கத்திலும் பாதியைத்தான் நான் கேட்டிருந்தேன்.

நான் கத்த ஆரம்பித்ததும் அவர் மீதிப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறார். மூட்டையில் ஒரு கைப்பிடி மல்லாட்டை குறைந்தால் வியாபாரியோடு சண்டைக்கு நிற்கிற மனிதர் எனக்கு அளவு குறைத்துப் போட்டிருக்கிறார்!

முழங்கையால் ஒரு இடி இடித்தேன். விழித்தார்.

"சமையக்காரி கையில எண்ண கொட்டிச்சே, எப்ப கொட்டிச்சி?"

"யாரு கையில?" என்றார் தூக்கக் கலக்கத்தில். அப்புறம் என் மடியில் விரித்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். முகம் இறங்கிவிட்டது.

"சொல்லுங்க."

"நீ கத்தற செல்வி" என்றார். "நீ கத்தறப்ப எனக்கு எழுத்தே தெரியல. கண்ணு தானா கடைசி வரிக்கு ஓடிடுது. நான் இன்னா செய்யட்டும்? சர்ச்சு புக்குல கூட நீட்டு வாசகம்னா சுருக்கிப் படிக்கலாம்னு போட்டுக்கீதுல்ல?"

"அது நிக்கிறவங்களுக்கு கால் வலிக்கக் கூடாதுன்னு போட்டது. எனக்கு கால் வலிச்சாதான் மடங்கும்!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. தெரியாத எழுத்தாளனை எத்தனை நாள் திட்டித் தீர்த்திருக்கிறேன்! ஆனால் அவர் கையைப் பார்த்தேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை, முன் சீட்டுக் கம்பி இடிக்காமல் என் முட்டிக்கு அணையாக நின்றது. இந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடித்தது என்பதற்காகக் காலை நொண்டியாக வைத்துக்கொள்ள முடியுமா?

"இன்னிக்கி சாயங்காலம் மொத பக்கத்துலேர்ந்து" என்றேன். "ஒரு வரி வுடக் கூடாது. நான் கத்தனா நீங்க இன்னும் சத்தமா படிங்க. நான் நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்தக் கூடாது. உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, பக்கத்து வூட்டு குப்பம்மாள கூப்ட்டுக்கறேன்."

"அந்தம்மா எழுத்துக்கூட்டி படிக்கும்."

"ரொம்ப நல்லதா போச்சி. இன்னும் நேரமாகும்."

திண்டிவனம் வந்தது. இறங்கும்போது, "நானே படிக்கிறேன்" என்றார்.

அன்று மாலை பெரியவர் மறுபடி செத்தார். முழுசாக இரண்டு பக்கம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் வலி என்று நினைத்ததெல்லாம் வாசல்வரை வந்துபோனதுதான். நான் கத்தினேன், அவர் கோயில் மைக்கில் வாசிப்பதுபோலச் சத்தத்தை ஏற்றினார். தெருவில் போனவர்கள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். முடித்துவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

கால் அசைந்தது. எண்ணெய் கொட்டிய இடத்தில் கொஞ்சம், டிரைவர் குதித்த இடத்தில் கொஞ்சம் என்று குதிகால் கோட்டை நோக்கி வந்தது. கதையும் இப்போது ஒழுங்காக ஓடியது. மனசுக்குள் எழுதியவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நான் படுக்கையில் புரண்டுகொண்டு, பிள்ளைகள் வேனில் போய்விட்டால் என்ன ஆகும் என்று பயந்த நேரமெல்லாம் இப்போது கொலைகாரனுக்குப் போனது.

கடைசி அத்தியாயம் வந்தபோது கோட்டுக்கும் குதிகாலுக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான் பாக்கி இருந்தது. எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துப் போலீஸ்காரர் பேச ஆரம்பிக்கிறார். இரண்டு பக்கம் முடிந்தது. மூச்சு விட்டுக்கொள்ள நான் துண்டைத் தளர்த்தவில்லை. அடுத்த இரண்டும் அப்படியே போனது. முட்டிக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. முதல் தடவையாக நானே கெஞ்சினேன்.

"போதும்ங்க! நிறுத்துங்க!"

அவர் நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் வழிகிறது, எழுத்து அவருக்குத் தெரிந்திருக்காது, எப்படிப் படித்தாரோ! குரல் உடைந்தது, ஒட்டிக்கொண்டது, மறுபடி உடைந்தது. ஒரு வரியையும் விடாமல் படித்தார். கொன்றது சமையல்காரிதான். தன் கையில் எண்ணெயைக் கொட்டிக்கொண்டதும் அவளேதான், கயிறு அறுத்த காயத்தை மறைக்க. அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தால் கதையே இல்லை.

கடைசி வரியை முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"ஆண்டவரின் அருள்வாக்கு" என்றார்.

"இறைவனுக்கு நன்றி" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். சாக்பீஸ் கோடு குதிகாலுக்கு அடியில் மறைந்திருந்தது.

விழுப்புரத்தில் பிரவீன்குமார் இரண்டு முறை அளந்துவிட்டு, பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பழகச் சொன்னார். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலை ஆட்டோவைத் துடைத்து, சீட்டில் ஏறி, காலை மடக்கி பிரேக்கில் வைத்தேன். உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். அப்புறம் வண்டியை எடுத்து, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பழையதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று எடுத்துவர அவரே உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது.

"அங்க இருந்ததுலயே இதான் தடி" என்றார்.

தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். முட்டியில் சுரீர் என்றது. அடுத்த திருப்பத்திலும் அழுத்தத்தான் வேண்டும், அதற்கடுத்ததிலும், ஜூன் முழுக்கவும்.

"படிங்க" என்றேன்.

பின்சீட்டில் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஆட்டோ இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.