ஈரக்கை

பம்ப் கம்பெனியில் நல்ல என்ஜினியர் வேலையை உதறிவிட்டு, மிக்ஸி வடிவமைக்கும் இடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுகிறானாம், ‘கணக்கு சார்’ என்று கூட வேலை செய்பவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே குழுத் தலைவி அவனைவிடச் சின்னவள். வீட்டில் அக்காவோ, என்ஜினியரிங் படிக்க வைத்தது படம் வரையவா என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பாள்.

அங்கே ஒரு சட்டம். புதுப் பொருளைச் சோதித்துப் பார்க்க வெளியாள் கையில் கொடுத்துவிட்டு, செய்தவர் மூலையில் வாயை மூடி உட்கார வேண்டும். இவனுக்கா அது முடியும்? ஏற்கெனவே எழுந்துபோய் விளக்கம் சொல்லிச் சோதனையைக் கெடுத்தவன். இன்னொரு தடவை பேசினால் வேலை இல்லை என்று தலைவி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

இன்று சோதனைக்கு வர வேண்டிய வெளியாள் வரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்துத் தெரு தையல் கடையில் வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டான். மிக்ஸி ஜாரின் மூடி அவன் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு திருகில் பூட்டும், சொட்டுச் சிந்தாது. திருக எவ்வளவு பலம் வேண்டும் என்று அவன் போட்ட கணக்கில் ஒரு பிசிறு கிடையாது.

அக்கா முதல் வேலையாக ஜாரைக் குழாயில் கழுவினாள். யார் கழுவச் சொன்னது? வேண்டுமென்றே செய்கிறாள் என்று பல்லைக் கடித்தான். அவள் திருகினாள். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

“இதச் செஞ்ச மகராசன் அடுப்படிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டான்.”

அவ்வளவுதான், எழுந்துவிட்டான். “கையத் தொடச்சிட்டுத் திருகுக்கா! அறிவில்ல?”

அக்கா ஜாரை மெதுவாக மேசையில் வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நீதானா? அடுப்படியில கை எப்படா காஞ்சிருக்கும்?”

அவன் கணக்கு முழுக்க உலர்ந்த கைக்குப் போட்டது. இத்தனை வருடம் அவள் சமைத்ததைத் தின்றவன், அந்தக் கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் மேல் வந்த கோபம் அப்படியே அவன் மேலேயே திரும்பியது.

“நான் முன்னாடியே சொல்லியிருந்தேன் சார். நீங்க கிளம்பலாம்” என்றாள் சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைவி.

அவன் கிளம்பவில்லை. ஜாரைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். கையை நனைத்துத் திருகினான். வழுக்கியது. ஆத்திரத்தோடு அழுத்தினான். வழுக்கியது.

அக்கா கை துடைக்கத் துணியை நீட்டினாள்.

“வேணாம்” என்று தட்டிவிட்டு, ஈரக்கையோடு மறுபடியும் திருகினான்.