பேசினால் நேராகும் முள்

படகில் ரேடியோ வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவன் மனைவிதான். துறைமுகத்து டீசல் கிடங்கில் அவளுக்கு வேலை. படகுகளோடு பேசும் கரை ரேடியோ அவள் மேசையிலேயே இருந்தது. "கடல்ல இருந்து நாலு வார்த்தை பேசினா வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள். மற்ற படகுக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயரே வாய்ப்பூட்டு. அவன் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினான்.

பொருத்த வந்தவன் மச்சினன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவனுக்கு வீடும் ஒன்றுதான், படகும் ஒன்றுதான். ஆண்டெனாவைக் கூரையில் ஏற்றினான், பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து வயர் இழுத்தான். குறை சொல்ல முடியாத வேலை. கடைசியாக, மைக் மாட்டும் கொக்கியைச் சுக்கானுக்கு முன்னால், காம்பஸை ஒட்டினாற்போல் முடுக்கினான்.

"கை நீட்டினா எட்டணும் மாமா."

மறுநாள் கடலில் இருந்து திரும்பும் நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. கரை கண்ணிலேயே படவில்லை. மேற்கே போனால் துறைமுகம். கொஞ்சம் வடக்கே விலகினால் பாறைத்திட்டு, படகு சுக்குநூறு. காம்பஸ் காட்டிய மேற்குக்குத் திருப்பினான். ஆனால் அந்தக் கடலில் எப்போதும் கரையைப் பார்த்து ஓடும் அலை, பின்னாலிருந்து தள்ளாமல் படகின் விலாவில் அறைந்தது. திசை எங்கோ தப்புகிறது.

மைக்கை எடுத்தான். "பனி. வழி தெரியல" என்றான். காம்பஸ் முள் விறுக்கென்று நகர்ந்தது! அது காட்டியபடி திருப்பினான். அலை ஒழுங்காகப் பின்னால் வந்தது. நிம்மதியாக மைக்கை மாட்டினான். முள் பழையபடி கோணிக்கொண்டது. எடுத்தான், நேரானது. மாட்டினான், கோணியது. இதென்ன கூத்து என்று அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உன்கிட்ட பேசினா முள்ளு சரியா நிக்குது. பேசலன்னா கிறுக்குப் பிடிக்குது" என்றான்.

ரேடியோ இரைச்சலுக்கு நடுவே மனைவியின் குரல் வந்தது. "அப்ப பேசிக்கிட்டே வாங்க" என்றாள்.

"என்ன பேசுறது?"

நியாயமான கேள்விதான். டீசல் எவ்வளவு மிச்சம் என்று சொன்னான். வலை கிழிந்ததைச் சொன்னான். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. மைக்கை இறுக்கிப் பிடித்தபடி முழித்தான்.

"நான் வேலைக்கு வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?" அவளே கேட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் அவள் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி.

முள்ளைப் பார்த்தான். பதில் சொல்லாமல் இருக்கப் பயமாக இருந்தது. "வேலை பிடிச்சிருக்கு. வீட்டுக்கு வந்தா நீ இல்ல. அதுதான் பிடிக்கல" என்றான். அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. வீட்டு மௌனம் தன்னையும் தின்கிறது என்றான். அவள் சிரித்து நாளாச்சு என்றான். துறைமுக விளக்கு மங்கலாகத் தெரிந்தபோதும் நிறுத்தவில்லை.

கரையில் மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். எல்லாப் படகுக்கும் ஒரே அலைவரிசை, அத்தனை பேர் ரேடியோவிலும் கேட்டிருக்கிறது. மச்சினன் படகுக்குள் குதித்து மைக்கை எடுத்துப் புரட்டினான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"உள்ள காந்தம் இருக்கு மாமா! பக்கத்துல மாட்டினதால முள்ளை இழுத்திருக்கு. என் தப்புதான். நீங்க கையில தள்ளிப் பிடிச்சிருந்தாலே போதும், பேசியிருக்கவே வேண்டாம்."

அவனுக்குக் காது மடல்வரை சூடேறியது. மனைவி யாரையும் பார்க்காமல் கிடங்குக்குள் போய்விட்டாள். மச்சினன் கொக்கியைக் கழற்றி எதிர்ப்பக்கத்துக் கோடியில் முடுக்கினான்.

அடுத்த நாள் வானம் பளிச்சென்று இருந்தது. துறைமுகத்தைத் தாண்டியதும் அவன் அந்தக் கோடிவரை போய் மைக்கை எடுத்தான்.

"கேக்குதா?"

"கேக்குது. ஏன், முள்ளு மறுபடியும் கோணுதா?"

முள் அடித்து வைத்த ஆணியாக நின்றது.

"ஆமா" என்றான். "ரொம்பக் கோணுது."